உறைபனியில் மண்புழு எப்படி உயிர் பிழைக்கிறது: ஹைவெல்ட் வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூன் பிறந்ததும், தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றியுள்ள ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் கிக்குயு புல் வெளுத்துப்போகிறது. கறிவேப்பிலைச் செடி இலையைக் கொட்டுகிறது. மண்புழு உரம் தயாரிக்கும் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தால் மேலே ஒன்றும் நெளியவில்லை. உடனே பலரும் ஒரே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: புழுக்கள் செத்துவிட்டன. தொட்டியில் இருப்பதைக் குப்பையில் கொட்டிவிட்டு, செப்டம்பரில் மறுபடியும் பணம் கொடுத்துப் புழு வாங்குகிறார்கள். லெனேசியாவிலும் நியூகாசலிலும் டண்டியிலும் லேடிஸ்மித்திலும் வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் நம்மவர்களிடம் இந்தப் பழக்கத்தை நிறையப் பார்க்கிறேன். மனம் பொறுக்கவில்லை. அப்படிக் கொட்டப்படும் கழிவில் பெரும்பாலும் அடுத்த தலைமுறை உயிரோடு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில், எதிர்பாராத வடிவத்தில் இருப்பதால்தான் அது நமக்குப் புலப்படுவதில்லை.

இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகள் நமக்குப் பாதிதான் பொருந்தும். ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் மனத்தில் வைத்து எழுதியவர்கள் ஆழப் பனியில் உறைந்த ஈர மண்ணைப் பற்றிப் பேசுகிறார்கள். தமிழ்நாட்டு வேளாண் கையேடுகளில் வெயிலிலிருந்து புழுவைக் காப்பதற்கே முதலிடம். நம்முடைய குளிர்காலம் இரண்டிலும் சேராது. இரவில் உறைபனி, பகலில் கூசும் வெயில், மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை ஏறக்குறைய மழையே கிடையாது. இங்கே மண்புழுவுக்குக் குளிரைவிட வறட்சியே பெரிய எதிரி. அதற்கான காரணம் தெரிந்துவிட்டால் கீழே சொல்லும் படிகள் எல்லாம் தாமாகவே விளங்கும்.

உறைபனி புழுவை எப்படிக் கொல்கிறது

மண்புழுவின் உடலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நீர். அது தோலால் மூச்சு விடுகிறது. தோல் ஈரமாக இருந்தால்தான் காற்றிலுள்ள ஆக்சிஜன் கரைந்து உள்ளே போகும். ஓடு இல்லை, மெழுகுப் பூச்சு இல்லை, உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும் வழியும் இல்லை. சுற்றியுள்ள மண்ணின் வெப்பம் எதுவோ, அதுவே புழுவின் வெப்பம்.

மண் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும்போது முதலில் மண்ணிலுள்ள நீர் பனிக்கட்டியாகிறது. அந்தப் பனித்துகள்கள் புழுவின் ஈரத் தோலைத் தொடுகின்றன. தொட்ட இடத்திலிருந்து பனி உள்ளே பரவுகிறது. பூச்சிகள் பலவற்றுக்கு வறண்ட, மெழுகு படிந்த மேற்தோல் இருப்பதால் பனி உள்ளே நுழைவதில்லை. அவற்றால் பூஜ்ஜியத்துக்குப் பல டிகிரி கீழேயும் உறையாமல் இருக்க முடியும். மண்புழுவுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது.

உள்ளே பரவும் பனி தூய நீரை மட்டுமே எடுத்துக்கொள்ளும். உப்புகள் பின்தங்கிவிடும். செல்களுக்கு வெளியே இருக்கும் திரவம் இப்படிச் செறிவாகச் செறிவாக, செல்லுக்குள் இருக்கும் நீரும் வெளியே இழுக்கப்படுகிறது. செல் சுருங்குகிறது. ஓர் அளவுக்கு மேல் சுருங்கினால் அதன் சவ்வு சிதைந்துவிடும். பனி செல்லுக்கு உள்ளேயே உருவாகிவிட்டால் அத்தோடு கதை முடிந்தது.

சுருக்கமாகச் சொன்னால், உறைபனி என்பது புழுவின் உடலுக்குள் நடக்கும் வறட்சி. மழையில்லாத மண்ணில் காய்ந்து சாவதும், பனியில் உறைந்து சாவதும் உடலைப் பொறுத்தவரை அடுத்தடுத்த வாசல்கள். மண்புழு இனங்கள் கண்டுபிடித்த தற்காப்பு முறைகள் எல்லாம் நீரை எப்படிக் காப்பது, எப்படி அடக்கமாக இழப்பது என்பதைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

உயிர் பிழைக்கும் வழிகள்

எளிய வழி கீழே இறங்கிவிடுவது. ஐரோப்பாவின் பெரிய மண்புழுவான லம்பிரிகஸ் டெரஸ்ட்ரிஸ் நேர்க்குத்தாக 2 மீட்டர் வரை வளை தோண்டும். மேலே எவ்வளவு பனி கொட்டினாலும் அந்த ஆழத்தில் மண் உறையாது. நம் நாட்டின் ஈஸ்டர்ன் கேப் பகுதியில் வாழும் மைக்ரோகீட்டஸ் ராப்பி என்ற ராட்சத மண்புழுவும் ஆழ வளைவாசிதான். ஒரு மீட்டரைத் தாண்டி வளரும் இந்தப் புழு நல்ல மழை பெய்தால்தான் மேலே தலைகாட்டும். மண்ணில் 30 சென்டிமீட்டர் கீழே போனாலே இரவு பகல் வெப்ப மாற்றம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. ஹைவெல்ட் தோட்டங்களில் உறைபனி மேல்மண்ணில் மெல்லிய படலமாகத்தான் இறுகுகிறது. காலை வெயில் ஏறியதும் அதுவும் இளகிவிடும். ஒரு முழம் கீழே இறங்கத் தெரிந்த புழு இங்கே குளிரால் சாவதில்லை.

இறங்கிய புழு அங்கே சும்மா கிடப்பதில்லை. ஒரு சிற்றறை அமைத்து, அதன் சுவரில் தன் உடற்பசையைப் பூசி, உடம்பை முடிச்சாகச் சுருட்டிக்கொள்கிறது. சுருண்டுகொண்டால் வெளியே தெரியும் தோல் பரப்பு குறைகிறது, நீர் இழப்பும் குறைகிறது. உணவு உண்பதில்லை. இதயத்துடிப்பும் மூச்சும் மிகவும் மெதுவாகிவிடும். இதே சுருட்டலைக் கோடை வறட்சியிலும் பல இனங்கள் செய்கின்றன. தோண்டும்போது கோலிக்குண்டு அளவில் ஒரு புழு முடிச்சு கிடைத்தால் அது செத்த புழு அல்ல. அப்படியே மூடிவிடுங்கள். மண்வெட்டி பட்டு அது இரண்டாக வெட்டுப்பட்டால் இரண்டு புழுவாகும் என்று நம்புவோர் இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஆகாது. தலைப்பகுதி பிழைத்தால் வால் மறுபடி வளரலாம், அவ்வளவுதான்.

மேல்மண்ணிலும் இலைக்குப்பையிலும் வாழும் இனங்களுக்கு ஆழமாகத் தோண்டும் வலு கிடையாது. அவற்றில் பல தாங்கள் மடிந்து, முட்டைக்கூடுகளை விட்டுச்செல்கின்றன. ஜப்பான், கொரியா பக்கத்திலிருந்து வட அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்த அமிந்தாஸ் இனப் புழுக்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முதல் கடும் உறைபனியில் வளர்ந்த புழுக்கள் அனைத்தும் இறந்துபோகின்றன. அடுத்த வசந்தத்தில் அதே இடத்தில் ஆயிரக்கணக்கில் குஞ்சுகள் வெளிவருகின்றன.

இந்த முட்டைக்கூட்டுக்குள் நடப்பதைப் பற்றி எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. வடதுருவத்தை ஒட்டிய காடுகளில் வாழும் டென்ட்ரோபீனா ஆக்டேட்ரா என்ற சிறு புழுவின் கூடுகள் மைனஸ் 40 டிகிரி செல்சியஸையும் தாங்குகின்றன. டென்மார்க்கைச் சேர்ந்த மார்ட்டின் ஹோல்ம்ஸ்ட்ரப் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். கூட்டின் சுவர் பனித்துகளை உள்ளே விடாது, நீராவியை மட்டும் வெளியே விடும். ஒரே வெப்பநிலையில் உறையாத நீரின் ஆவி அழுத்தம் பனிக்கட்டியின் ஆவி அழுத்தத்தைவிட அதிகம். ஆகவே கூட்டுக்குள் இருக்கும் நீர் சிறிது சிறிதாக ஆவியாக வெளியேறி, சுற்றியுள்ள மண் பனியில் போய்ப் படிகிறது. கரு வற்றிச் சுருங்குகிறது. சார்பிட்டால் என்ற சர்க்கரை போன்ற பொருள் உள்ளே சேர்கிறது. எஞ்சிய திரவம் அந்தக் குளிரில் உறையவே முடியாத அளவுக்குச் செறிவாகிவிடுகிறது. குளிர் கூடினால் இன்னும் கொஞ்சம் நீர் வெளியேறும். பனி இளகியதும் கரு நீரை உறிஞ்சிப் பழைய நிலைக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து வளரத் தொடங்கும். உறைபனியைத் தவிர்க்க, அந்தக் கரு தன்னைத்தானே அளவறிந்து உலர்த்திக்கொள்கிறது.

அதே டென்ட்ரோபீனா இனத்தின் வளர்ந்த புழு வேறு வழியில் போகிறது. அது உறைந்தே உயிர் வாழ்கிறது. தோலில் பனி தொட்டவுடன், உடலில் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜனை உடைத்துக் குளுக்கோஸாக மாற்றி உடம்பெங்கும் பரப்புகிறது. செல்லுக்குள் நிறையும் குளுக்கோஸ் நீரைப் பிடித்து வைக்கிறது, செல் அளவுக்கு மீறிச் சுருங்காமல் காக்கிறது. பனி செல்களுக்கு வெளியே மட்டும் நிற்கும். குளிர் மெதுவாக இறங்கினால்தான் இதற்கு நேரம் கிடைக்கும். சட்டென்று உறையவைத்தால் இந்தப் புழுவும் சாகும். வடக்கே வாழும் இதன் கூட்டங்கள் ஏறக்குறைய மைனஸ் 15 டிகிரி வரை இப்படித் தாங்குகின்றன. சைபீரியாவில் வாழும் ஐசீனியா நோர்டென்ஷியோல்டி அதையும் தாண்டி மைனஸ் 30 அளவில் உறைந்து கிடந்து, இளகியதும் ஊர்ந்து போகிறது.

இதற்கான ஆயத்தம் இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடும். புழு நிறையத் தின்று கிளைக்கோஜன் சேர்க்கிறது. செல் சவ்வுகளின் கொழுப்பையும் மாற்றிக்கொள்கிறது. ஜூலையில் நம் சமையலறை அலமாரியில் தேங்காய் எண்ணெய் கட்டியாகி நிற்கும்போது பக்கத்தில் நல்லெண்ணெய் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் அல்லவா? கொழுப்பின் வகையில் உள்ள வேறுபாடுதான் காரணம். குளிருக்குப் பழகும் புழுவும் இறுகாத வகைக் கொழுப்பைச் சவ்வில் கூட்டிக்கொள்கிறது. இந்த மாற்றத்துக்கு வாரக்கணக்கில் காலம் தேவை. முன்னறிவிப்பின்றி வரும் முதல் உறைபனி ஆபத்தானதாக இருப்பது இதனால்தான்.

அலாஸ்காவின் பனியாறுகளில் வாழும் பனிப்புழுக்களைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மண்புழுவின் தூரத்து உறவினர்கள் அவை. பூஜ்ஜிய டிகிரியிலேயே வாழ்நாளைக் கழிக்கின்றன, நமக்கு இதமான வெப்பத்தில் செத்துவிடும். நம் தோட்டத்துக்கு அவற்றால் பாடம் ஏதும் இல்லை.

இனி வேலைக்கு வருவோம்.

முதல் படி: உங்களிடம் இருப்பது எந்தப் புழு

இதைத் தெரிந்துகொள்ளாமல் வேறு எதுவும் செய்யாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் உரத்தொட்டிக்கு விற்கப்படும் புழு பெரும்பாலும் ஐசீனியா வகையைச் சேர்ந்த சிவப்புப் புழு. விரல் நீளம், சிவப்பு நிறம், சில வகைகளில் மஞ்சள் வரிகள், தொட்டால் துள்ளும். 15 முதல் 25 டிகிரி வரை இதற்கு உகந்தது. 10 டிகிரிக்குக் கீழே மந்தமாகும், 5 டிகிரியில் உண்பது ஏறக்குறைய நின்றுவிடும். குளிரைத் தாங்கும், ஆனால் உடம்பு உறைந்தால் பிழைக்காது. குளுக்கோஸ் தந்திரம் இதற்குத் தெரியாது. கூடுகள் மட்டும் லேசான உறைபனியைத் தாண்டிவிடும்.

இன்னொன்று யூட்ரிலஸ் யூஜினியே. தமிழ்நாட்டு மண்புழு உரக் கூடங்களில் நிறையக் காணப்படும் பெரிய புழு இது. ஊதா மினுமினுப்பு இருக்கும். மேற்கு ஆப்பிரிக்காவின் வெப்பநிலத்தைச் சேர்ந்தது. 10 டிகிரிக்குக் கீழே நாள் கணக்கில் வைத்தால் உறைபனி இல்லாமலே மடியும். டர்பனில், சாட்ஸ்வொர்த்தில், ஃபீனிக்ஸில் இதை வெளியே வளர்க்கலாம். ஹைவெல்டில் வளர்க்க நினைத்தால் குளிர்காலம் முழுவதும் தொட்டி வீட்டுக்குள் இருக்க வேண்டும். ஹைவெல்டுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது வகை, தோட்ட மண்ணில் தானாக வாழும் சாம்பல் அல்லது பழுப்புப் புழுக்கள். இவற்றைப் பிடித்துத் தொட்டியில் போடாதீர்கள். இவற்றுக்கு மண்தான் வீடு. கீழே இறங்க இடம் கிடைத்தால் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும்.

இரண்டாம் படி: உங்கள் முற்றத்தின் குளிரை அறியுங்கள்

ஊர்க் குளிரும் முற்றத்துக் குளிரும் ஒன்றல்ல. வானிலை அறிவிப்பில் சொல்லும் வெப்பநிலை தரைக்கு மேலே ஒரு மீட்டருக்கும் சற்றுக் கூடுதலான உயரத்தில் நிழலில் அளந்தது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுவதால் புல்மட்டத்தில் பல டிகிரி குறைவாக இருக்கும். ஆகவே அறிவிப்பில் 3 டிகிரி என்றாலும் காலையில் புல்லின்மேல் வெள்ளைப்பூச்சு இருக்கலாம். குளிர்காற்று கனமானது, பள்ளத்தை நோக்கி வழியும். லெனேசியாவில் கிளிப் ஆற்றை ஒட்டிய தாழ்ந்த மனைகளும், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் வீடுகளும் மேட்டிலுள்ள வீடுகளைவிட அதிகம் உறையும்.

தொட்டியை எங்கே வைப்பது? இங்கே ஓர் எச்சரிக்கை. வடக்கு நாடுகளின் வழிகாட்டிகள் தெற்குப் பக்கம் வைக்கச் சொல்லும். நமக்குக் குளிர்காலச் சூரியன் வடக்கு வானில் போகிறது. வீட்டின் வடக்குப் பக்கச் செங்கல் சுவரை ஒட்டி வையுங்கள். பகலெல்லாம் வெயில் வாங்கிய சுவர் இரவில் அந்த வெப்பத்தை மெல்ல விடும். கோடை வந்ததும் அதே தொட்டியை நிழலுக்கு மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெந்துவிடும். மாற்ற முடியாத பெரிய தொட்டி என்றால் கிழக்குச் சுவர் நடுவான தீர்வு.

ஒரு சாதாரண சமையல் வெப்பமானியை வாங்கி, தொட்டிக்குள் புழுக்கள் வாழும் படுக்கையில் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் செருகி, விடிகாலையில் பாருங்கள். அங்கே 5 டிகிரிக்கு மேல் காட்டினால், வெளியே புல் வெள்ளையாக இருந்தாலும் கவலையில்லை.

மூன்றாம் படி: பங்குனியிலும் சித்திரையிலும் ஆயத்தம்

மூன்று காரியங்களை முதல் உறைபனிக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

முதலாவது உணவு. ஏப்ரலிலும் மே மாத முற்பாதியிலும் வழக்கத்தைவிடத் தாராளமாகக் கொடுங்கள். காய்த்தோல், பூசணிச் சதை, தேயிலைச் சக்கை, ரூய்போஸ் மூலிகைத் தேநீர்ச் சக்கை, நன்கு மட்கிய மாட்டுச் சாணம் எல்லாம் நல்லவை. மிளகாய், புளி, எலுமிச்சைத் தோல், மசாலா சேர்ந்த மிச்சக் குழம்பு வேண்டாம். இந்தக் காலத்தில் நன்றாகத் தின்ற புழு நிறையக் கூடு இடும். அந்தக் கூடுகள்தான் குளிருக்கு எதிரான காப்பீடு.

இரண்டாவது அளவு. சிறிய தொட்டி விரைவில் குளிர்ந்துபோகும், பெரிய குவியல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். பிளாஸ்டிக் வாளிகளில் தனித்தனியாக வைத்திருப்பவர்கள் குளிர்காலத்துக்கு எல்லாவற்றையும் ஒரே பெரிய கலத்தில் சேர்த்துவிடுங்கள். பழைய குளியல் தொட்டி இதற்கு மிகச் சிறந்தது. படுக்கை குறைந்தது 40 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் மேலே குளிரும்போது புழு நடுப்பகுதிக்கு இறங்க முடியும். உர அறுவடையை மார்ச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆழம் குறைந்த படுக்கையோடு ஜூனுக்குள் போகக் கூடாது.

மூன்றாவது, முடிந்தால் தொட்டியைத் தரையில் பதிப்பது. அடியில் துளையிட்ட கலத்தைப் பாதி ஆழம் மண்ணில் புதைத்துவிட்டால் கீழ்மண்ணின் வெப்பம் தொட்டிக்குக் கிடைக்கும், மண்ணுக்குள் இறங்கவும் வழி இருக்கும். மின்சார வெப்பத் தகடுகளை நம்பாதீர்கள். உறைபனி இரவில் மின்வெட்டு வந்தால், சூட்டுக்குப் பழகிவிட்ட புழு பழகாத குளிரில் திடீரென்று மாட்டிக்கொள்ளும்.

நான்காம் படி: மூடுவது

படுக்கையின்மேல் ஈரமான அட்டைப்பெட்டித் துண்டுகளை ஓர் அடுக்கு பரப்புங்கள். அதன்மேல் காய்ந்த இலை, வைக்கோல், காய்ந்த புல் ஏதாவது ஒன்று ஒரு சாண் உயரத்துக்கு. அதற்கும் மேலே பழைய கம்பளி. தொட்டியின் வெளிச்சுவரைச் சுற்றி மீன் வரும் பாலிஸ்டைரீன் பெட்டிகளைத் துண்டாக்கிக் கட்டலாம். இவை வெப்பத்தை உண்டாக்குவதில்லை, இருக்கும் வெப்பம் போகும் வேகத்தைத்தான் குறைக்கின்றன. அந்த வேகக்குறைவே புழுவுக்குப் போதும்.

பிளாஸ்டிக் தாளால் இறுக்கிக் கட்டாதீர்கள். தோலால் மூச்சு விடும் உயிர் காற்றில்லாமல் குளிருக்கு முன்பே செத்துவிடும்.

சூடு வேண்டும் என்பவர்கள் தொட்டியின் ஒரு மூலையில் மட்டும் பச்சைப் புல்லும் புதுக் குதிரைச் சாணமும் கலந்து புதைக்கலாம். நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும்போது வெப்பம் வரும். தொட்டி முழுவதும் இப்படிப் போட்டால் 35 டிகிரியைத் தாண்டிப் புழுவைக் கொன்றுவிடும். ஒரு மூலை சூடு, மறு மூலை குளிர் என்று விட்டால் தனக்கு ஏற்ற இடத்தைப் புழுவே தேர்ந்துகொள்ளும்.

ஐந்தாம் படி: தண்ணீர்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்.

ஹைவெல்டின் ஜூலைக் காற்றில் ஈரம் மிகக் குறைவு. மூடியிருந்தாலும் தொட்டி காய்ந்துகொண்டே இருக்கும். குளிர் நாளில் யாருக்கும் தண்ணீர் ஊற்றத் தோன்றுவதில்லை. இப்படித்தான் பெரும்பாலான புழுக்கள் மடிகின்றன, பழி மட்டும் உறைபனியின்மேல் விழுகிறது. காய்ந்த படுக்கை புழுவின் உடல்நீரை இழுத்துவிடும். மண்புழுவால் உடல்நீரில் பாதிக்கும் மேல் இழந்தும் மீள முடியும். ஆனால் அந்த நிலையில் குளிரும் சேர்ந்தால் எதற்கும் வலு இருக்காது.

ஈரத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. ஈர மண் காய்ந்த மண்ணைவிட அதிக வெப்பத்தைச் சேமிக்கும். அதோடு, நீர் உறையும்போது வெப்பம் வெளியாகிறது, ஒரு கிலோ நீருக்கு 334 கிலோஜூல். அந்த நீர் முழுவதும் உறைந்து தீரும் வரை படுக்கையின் வெப்பம் பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும். பெரும்பாலும் அதற்குள் விடிந்துவிடும்.

எவ்வளவு ஈரம்? ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் இரண்டு மூன்று துளி கசிய வேண்டும். ஒழுகினால் அதிகம். எப்போது ஊற்றுவது? வெயில் ஏறிய பிறகு, பகல் 11 மணிக்கும் 2 மணிக்கும் நடுவே, வெதுவெதுப்பான நீரைப் பூவாளியால். மாலையில் ஊற்றினால் மேற்பரப்பு ஆவியாகி இன்னும் குளிரும். அடியில் நீர் தேங்காமல் வடிகிறதா என்பதையும் பாருங்கள்.

ஆறாம் படி: கடும் உறைபனி இரவு

2012 ஆகஸ்டிலும் 2023 ஜூலையிலும் ஜோகன்னஸ்பர்க்கில் பனி பெய்ததைப் பலரும் நினைவில் வைத்திருப்பீர்கள். பனிப்பொழிவைக் கண்டு மிரள வேண்டாம். மேலே படியும் பனி காற்றைச் சிறைப்பிடித்துத் தரையின் வெப்பத்தைக் காக்கும், அதைத் தொட்டியின்மேல் அப்படியே விட்டுவிடுங்கள். கவலைப்பட வேண்டியது பனிப்பொழிவுக்கு அடுத்து வரும் மேகமற்ற, காற்றற்ற இரவுகளைப் பற்றித்தான்.

அப்படிப்பட்ட நாளில் இரண்டு லிட்டர் குளிர்பான போத்தல்கள் சிலவற்றில் நீர் நிரப்பிப் பகல் வெயிலில் வையுங்கள். சூரியன் சாயும் முன் அவற்றைப் படுக்கையின் நடுவில் பாதி புதைத்து, மேலே இலையும் கம்பளியும் போட்டு மூடுங்கள். வெயில் இல்லாத நாளென்றால் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பலாம். கொதிநீர் வேண்டாம். தொட்டி சிறியதென்றால் வாகனக் கொட்டகைக்குள்ளோ பின்கட்டுக்குள்ளோ எடுத்துப் போய்விடுவது எல்லாவற்றையும்விடச் சுலபம்.

ஸதர்லண்டு, மோல்டினோ போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு இந்த வித்தைகள் போதாது. மோல்டினோ பக்கத்திலுள்ள பஃபெல்ஸ்ஃபோன்டைனில் 2013 ஆகஸ்டில் மைனஸ் 20.1 டிகிரி பதிவானது. அங்கே தொட்டியைத் தரைக்குக் கீழே முழுதாகப் பதிப்பதோ வீட்டுக்குள் வைப்பதோ தவிர வழியில்லை.

ஏழாம் படி: உறைந்துபோனால்

காலையில் மேற்படுக்கை கல்லாக இறுகியிருந்தால் உடைக்காதீர்கள். வெந்நீர் ஊற்றாதீர்கள். வெயில் தானாக இளக்கட்டும். பிறகு கையால் மெதுவாக நடுப்பகுதியைப் பிரித்துப் பாருங்கள். அசையாமல், ஆனால் நிறம் மாறாமல், தொட்டால் இறுக்கமாக இருக்கும் புழு குளிரில் முடங்கியிருக்கிறது. உள்ளங்கையில் சற்று நேரம் வைத்தால் அசையும். வெளிறி, தொளதொளவென்று கரையும் புழு இறந்துவிட்டது. அதை எடுக்கத் தேவையில்லை, அது சீக்கிரமே உரத்தோடு கலந்துவிடும்.

எல்லாமே இறந்திருந்தாலும் தொட்டியைக் கொட்டாதீர்கள். ஒரு பிடி உரத்தை வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். மூன்று நான்கு மில்லிமீட்டர் அளவில், ஒரு முனை கூராக, மங்கிய மஞ்சளிலிருந்து செம்பழுப்பு வரையான நிறத்தில் சிறு மணிகள் தென்படும். அவை சிவப்புப் புழுவின் கூடுகள். ஒவ்வொன்றிலிருந்தும் வழக்கமாக இரண்டு முதல் நான்கு குஞ்சுகள் வரும். 25 டிகிரியில் ஏறக்குறைய மூன்று வாரத்தில் பொரியும். குளிரில் மாதக்கணக்கில் காத்திருக்கும். ஒரு வாளி உரத்தை ஈரம் குறையாமல் சமையலறை மூலையில் வைத்தால் ஆடிக் குளிரிலேயே நூல் போன்ற வெள்ளைக் குஞ்சுகளைக் காணலாம். குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

எட்டாம் படி: தோட்ட மண்ணில் வாழும் புழுக்கள்

ஆடிப்பட்டம் தேடி விதை என்று ஊரில் சொன்னது அங்கே மழை தொடங்கும் பருவத்தை வைத்து. இங்கே ஆடி என்பது மண் காய்ந்து குளிர்ந்து கிடக்கும் மாதம். மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றும் நாள்களில் மண்வெட்டியை ஓய்வெடுக்க விடுங்கள். இப்போது கொத்தினால் சுருண்டு கிடக்கும் புழுக்கள் வெட்டுப்படும், மேலே வந்தவை அன்றிரவே உறையும், மீந்தவற்றை ஹதீதா பறவைகள் தின்றுவிடும். குளிர்காலத்தில் தண்ணீர் பாய்ச்சிய இடத்தைத் தேடி அவை கூட்டமாக வந்து நீண்ட அலகால் குத்துவதைத் தினமும் காலையில் பார்க்கிறோம்.

பாத்திகளை வெறுமையாக விடாதீர்கள். உதிர்ந்த இலைகளை எரிப்பது நம்மவர்களிடம் இன்னும் இருக்கும் பழக்கம், அதைத் தயவுசெய்து விடுங்கள். அந்த இலைகளை ஒரு சாண் கனத்துக்குப் பாத்தியில் பரப்பி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நடுப்பகலில் நன்றாக நனையும்படி தண்ணீர் விட்டால் போதும். கீரையும் கொத்தமல்லியும் குளிரைத் தாங்கி வளரும் பாத்திகளில் எப்படியும் தண்ணீர் விடுகிறோம். அங்கேதான் புழுக்கள் ஒதுங்கியிருக்கும்.

ஒன்பதாம் படி: ஆவணி முதல்

ஆகஸ்ட் நடுவில் பகல் சூடேறத் தொடங்கும். அவசரப்பட்டு மூடாக்கை நீக்காதீர்கள், செப்டம்பரிலும் உறைபனி வரும். படுக்கையின் விடிகாலை வெப்பம் தொடர்ந்து ஒரு வாரம் 10 டிகிரிக்கு மேல் இருந்தால் கம்பளியை எடுக்கலாம். உணவைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். குளிரில் மந்தமாக இருந்த தொட்டியில் ஒரே நாளில் நிறையக் கொட்டினால் அழுகிப் புளிக்கும். முன்பு போட்டது தீர்ந்த பிறகே அடுத்ததைப் போடுங்கள்.

அக்டோபர் மழைக்குப் பிறகு அறுவடை செய்யலாம். சலிக்கும்போது கூடுகள் உரத்தோடு போய்விடும் என்பதால், சலித்த உரத்தில் ஒரு பங்கைத் தொட்டிக்கே திருப்பிப் போடுங்கள். பெருகிய புழுக்களை அக்கம்பக்கத்தாருக்கும் உறவினருக்கும் கொடுக்கலாம். டர்பனிலிருந்து ஹைவெல்டுக்குப் புழு கொண்டுவருவதாக இருந்தால் அதுவும் இந்த மாதத்தில்தான் நடக்க வேண்டும், குளிருக்குப் பழக அவற்றுக்கு ஓர் இலையுதிர் காலம் முழுதாகக் கிடைக்கும். மீந்த புழுக்களை டிராகன்ஸ்பர்க் அடிவாரத்திலோ ஆற்றங்கரைப் புல்வெளியிலோ விடுவது மட்டும் வேண்டாம். அங்கே இந்த மண்ணுக்கே உரிய புழு இனங்கள் வாழ்கின்றன. உரத்தொட்டிப் புழு இங்கே வந்தேறி. உங்களுக்குத் தேவையில்லை என்றால் பக்கத்துப் பள்ளித் தோட்டத்து உரக்குழியில் போடச் சொல்லுங்கள்.